கௌதாரியை எண்ணுவது எப்படி: கண்ணிக்காரரிடம் கற்க வேண்டியவை

வேலூரைச் சுற்றியுள்ள கரம்புகளிலும் ஏரிக்கரைப் புதர்களிலும் விடியற்காலையில் கௌதாரி கத்துவதைக் கேட்காத உழவர் இருக்க மாட்டார். ஆனால் தம் ஊரில் எத்தனை சோடி இருக்கின்றன என்று கேட்டால், பழைய கண்ணிக்காரர்களைத் தவிர யாரும் பதில் சொல்வதில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பறவையைப் பிடிப்பதோடு அதன் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்றே கொள்கிறது. கண்ணி இனி வேண்டாம். அதை வைத்தவரின் கண்ணும் காதும் அவரோடு போய்விடக் கூடாது.

எனவே முதலில் உங்கள் ஊரிலோ பக்கத்து நரிக்குறவர், இருளர் குடியிருப்பிலோ ஒரு மூத்தவரைத் தேடிச் சென்று, வரச் சம்மதமா என்று கேளுங்கள். அவர் தருவது ஒரு நாள் உழைப்பு. அன்றைய கூலியைக் கொடுக்க வேண்டும், தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவது மரியாதை ஆகாது. கடைசியாக எப்போது பிடித்தீர்கள் என்று துருவாதீர்கள். சொல்வதை அவருடைய சொற்களிலேயே பதிவு செய்யுங்கள். நரிக்குறவராக இருந்தால் அவருடைய தாய்மொழியான வாக்ரிபோலியிலும் சொல்லச் சொல்லுங்கள், ஏனெனில் தமிழில் ஒரே பெயரில் அடங்கிவிடும் தடத்துக்கு அங்கே வேறு வேறு பெயர்கள் இருக்கக்கூடும்.

ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு வரப்போரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் புழுதியில் விழுந்திருந்த பள்ளத்தை நான் தாண்டிப் போய்விட்டேன். உடன் வந்த பெரியவர் குந்தி உட்கார்ந்து, அதன் விளிம்பை விரல் படாமல் காட்டினார். "மண்ணு இன்னும் சரியல பாரு தம்பி, இன்னிக்குக் காலைலதான் குளிச்சிருக்கு" என்றார். கௌதாரி புழுதியில் புரண்டு குளித்த இடம் அது. வெயிலேறிக் காற்று வீசினால் அந்த விளிம்பு மழுங்கிவிடும் என்பதுதான் அவருடைய கணக்கு. இரவில் தாழ்ந்த முள்மரக் கிளைகளில் கௌதாரிகள் கூட்டமாக அடைவதால், மரத்தடி எச்சத்தைக் கொண்டு கூட்டத்தின் அளவையும் அவர் கணித்தார்.

எண்ணும் முறை எளிது. பங்குனி, சித்திரையில், சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே போய், ஏறத்தாழ 400 மீட்டர் இடைவெளியில் நான்கைந்து இடங்களில் பத்துப் பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். குரல் வந்த திசையையும் நேரத்தையும் எழுதினால் ஒரே சேவலை இருமுறை எண்ணும் தவறு குறையும். மூன்று காலைகள் இதையே செய்து, மறு ஆண்டும் அதே இடங்களில் நில்லுங்கள். கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். கண்ணிக்காரர் கூண்டில் வைத்த பழக்கிய கௌதாரி செய்த வேலையும் அதுவே: எல்லைக்குள் எதிரி புகுந்ததாக எண்ணிச் சேவல் சண்டைக்கு ஓடிவரும், அந்த நேரத்தில் அதற்கு இரையும் இல்லை, காவலும் இல்லை.

எண்ணிக்கை குறைவாக இருந்தால் பண்ணைப் பறவையை வாங்கிக் கரம்பில் திறந்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். வட அமெரிக்கக் காட்டு வான்கோழியின் கதை இதற்குப் பதில். கட்டற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் பல மாநிலங்களில் அது அற்றுப்போனபோது, பண்ணையில் வளர்த்தவற்றைக் கொண்டுபோய் விட்டார்கள். தாயிடம் எதையும் கற்காத அவை காட்டில் பெரும்பாலும் பிழைக்கவில்லை. 1950களில் காட்டுப் பறவைகளையே வலை வீசிப் பிடித்து வெறுமையான காடுகளுக்கு மாற்றிய பிறகே இனம் பெருகியது. செலவில் பெரும் பங்கு, துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரியைக் காட்டுயிர்ப் பணிக்குத் திருப்பிய 1937ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின் வழியாக வேட்டைக்காரர்களிடமிருந்தே வந்தது. அங்கே பருவம் வகுத்து வேட்டைக்கு அனுமதி உண்டு, இங்கே இல்லை. பண்ணைப் பறவை காட்டுக்கு ஆகாது என்ற பாடம் மட்டும் இரு நாட்டுக்கும் பொது. பண்ணைக் காடையைக் கரம்பில் திறந்துவிடுவதும் வீண் வேலைதான். பண்ணையில் வளர்ப்பது ஜப்பானியக் காடை, அது இந்த மண்ணின் இனமே அல்ல.

நிலத்தில்தான் வேலை இருக்கிறது. கௌதாரி தரையில் புதரடியில் சிறு குழி பறித்து, பெரும்பாலும் நான்கு முதல் எட்டு முட்டைகள் இட்டு, பதினெட்டு, பத்தொன்பது நாள் அடைகாக்கும். சித்திரையில் வரப்புக்குத் தீ வைக்காதீர்கள்; வேலியோரச் சூரைப் புதரை விட்டுவையுங்கள்; நிலக்கடலை பறிக்கும் நாளில் நாயைக் கட்டிப் போடுங்கள். உழவின்போது கூடு தென்பட்டால் சுற்றிலும் நான்கடி விட்டு உழுதால் போதும். குச்சி நட்டுத் துணி கட்டி அடையாளம் வைக்காதீர்கள், காக்கையும் அதைப் பார்க்கும். டிராக்டர் ஓட்டுபவரிடம் முந்தின நாளே இடத்தைக் காட்டிவிடுங்கள்.