மலைக்காட்டில் ஆள் காணாமல் போனால்: காவல்துறையும் தீயணைப்புத் துறையும் இணைந்து தேடும் முறை

மலையேறச் சென்றவர் இருட்டுவதற்குள் திரும்பவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே 112-ஐ அழைத்து, அவர் கடைசியாகக் காணப்பட்ட இடம், நேரம், உடையின் நிறம், கைபேசி எண் ஆகியவற்றைத் தெரிவியுங்கள்.

காவல்துறை வழக்குப் பதிந்து, கைபேசிக் கோபுரத் தரவைப் பெற்று, உடன் சென்றவர்களை விசாரித்துத் தேடவேண்டிய பரப்பைச் சுருக்கும். பாறைச் சரிவிலும் ஓடைப் பள்ளத்திலும் கயிற்றில் இறங்கி ஆளை மீட்பதற்கான பயிற்சியும் கருவிகளும் தீயணைப்பு மீட்புப் பணித் துறையிடம் உள்ளன. இரு துறையினரும் ஒரே வரைபடத்தைப் பார்த்து, ஒரே பொறுப்பு அதிகாரியின் கீழ் இயங்குவது இன்றியமையாதது என்பது என் உறுதியான கருத்து. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, இவ்விரு துறைகளுடன் வனத்துறையும் விமானப்படையும் மீட்புப் பணியில் இறங்கின.

வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரேனும் ஒவ்வொரு குழுவிலும் இருக்க வேண்டும். யானைத் தடத்தை அறிந்தவர் அவரே.

ஈரமண்ணில் செருப்புத் தடம் தெரிந்தால், அதை மிதிக்காமல் சுற்றிலும் சுள்ளிகளை நட்டு, தடத்தின் அளவு தெரியும்படி பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் படமெடுத்துக் காவலரிடம் காட்டுங்கள். விசில் ஊதியபின் அனைவரும் ஒரு நிமிடம் அசையாமல் நின்று கேட்க வேண்டும். காயம்பட்டவரின் முனகல் சருகு மிதிபடும் ஓசையிலேயே அமுங்கிவிடும்.