மழைநீர் வடிகாலில் கழிவுக் குழாயைச் சொருகாதீர்கள்

போன வாரம் சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு பிளம்பர் தம்பி, செப்டிக் டேங்க் ஓவர்ஃப்ளோவுக்காக நாலு இஞ்ச் பைப்பை வைத்துக்கொண்டு மழைநீர் வடிகாலின் சுவரைக் குடைந்துகொண்டிருந்தார். தொழிலுக்கு வந்த புதிதில் வேளச்சேரியில் நான் செய்ததும் இதே வேலைதான். குப்பை கொட்டாதீர்கள் என்று சொல்ல வரவில்லை, அது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் செய்யும் தவறுகளைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஓவர்ஃப்ளோவை வடிகாலில் விடுவது

பாதாளச் சாக்கடையில் போவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேரும். மழைநீர் வடிகாலுக்கு அப்படி ஒன்று கிடையாது. வேளச்சேரிப் பக்கம் வடிகாலில் விழுவது வீராங்கால் ஓடை வழியாக அப்படியே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்புநிலம் அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம், கடல்.

கோடை முழுக்க வீடுகள் விடும் கழிவு வடிகாலின் அடியில் கறுப்புச் சேறாகப் படிகிறது. ஐப்பசியில் முதல் பெருமழை அதை மொத்தமாகக் கிளப்பிக்கொண்டு போகும். அது அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், அப்புறம் வயிறு வெளுத்து மிதக்கும்.

வேளச்சேரியில் நான் போட்ட பைப்பில் தண்ணீர் திரும்பியும் வரும் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. கார்த்திகை மழையில் வடிகால் நிரம்பி, தெருத் தண்ணீர் பைப் வழியாக டேங்குக்குள் ஏறியது. டேங்க் பொங்கி, பக்கத்திலிருந்த சம்ப்பின், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின், மூடி இடுக்கில் இறங்கிவிட்டது. வீட்டுக்காரம்மா ஒரு வாளி மொண்டு காட்டினார். டீ நிறத் தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலம். “நீதானேப்பா பைப் போட்டே?” என்று மட்டும் கேட்டார். அதற்குள் இரண்டு பிள்ளைகளுக்கும் வயிற்றுப்போக்கு. சம்ப்பை இறைத்து, தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ ஆன செலவு நான் வாங்கிய கூலியைப்போலப் பல மடங்கு.

இதைச் சொன்னால், “எல்லாரும் விடுறாங்க சார்” என்கிறார்கள். இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இந்தப் பதிலில்தான். எல்லாரும் விட்டால் மழைக்கு முன்பே வடிகாலில் பாதி நிரம்பிவிடும். பிறகு மழைத் தண்ணீர் எங்கே போகும்? பாதாளச் சாக்கடை இணைப்பு கிடைக்காத தெரு என்றால் கழிவுநீர் லாரி வைத்து எடுங்கள், வேறு வழியில்லை.

நான்-ரிட்டர்ன் வால்வை நம்புவது

தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கப் பைப்பில் வைக்கும் வால்வு இது. ஒரு துணித்துண்டு சிக்கினால் மூடாது. மூடினாலும் ஓடைக்குப் போகும் கழிவு குறையாது.

முதல் மழையைச் சம்ப்பில் பிடிப்பது

மாடியில் மாதக்கணக்கில் சேர்ந்த புழுதியும் புறா எச்சமும் அதில்தான் வரும். முதல் கால் மணி நேரத் தண்ணீரைத் தோட்டத்து மண்ணில் விடுங்கள்.

வடிகாலிலிருந்து வாரிய சேற்றை ஓரத்திலேயே குவிப்பது

அடுத்த மழையில் திரும்ப உள்ளே போய்விடும்.

காலில் புண்ணோடு தேங்கிய நீரில் இறங்குவது

எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரும்.

மடிப்பாக்கத்துத் தம்பி துளையைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார். லாரிக்குப் பணம் கொடுக்க வீட்டுக்காரர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நாளைக் காலை நான் போய்ப் பேசப்போகிறேன்.