குறும்படத்துக்கு டைட்டில் செய்யப் போறீங்களா? ட்ரோனைக் கீழே வைங்க

எடிட்டிங் முடியும் நேரத்தில்தான் நம்ம ஆட்களுக்கு, படத் தொடக்கத்தில் பேர்கள் வரும் டைட்டில் ஞாபகம் வரும். உடனே ஒரு ட்ரோன் ஷாட், கீழே தேயிலை மலை, மேலே வெள்ளை எழுத்து. நம்ம இலங்கை மலையகத்தில், தலவாக்கலையில் எடுத்தாலும் அப்புத்தளையில் எடுத்தாலும் இதேதான். என் முதல் படத்தில் நானும் இதைத்தான் செய்தேன். தோட்டத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைப் போட்டபோது, பனிமூட்டத்தின் மேல் வந்த வெள்ளை எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை. நடித்த பெரியம்மா "என் பேர் எங்கடா?" என்று படம் முடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு காலத்தில் ஹாலிவுட்டிலேயே டைட்டிலை வெறும் பெயர்ப்பட்டியலாகத்தான் பார்த்தார்கள், சில தியேட்டர்களில் திரைச்சீலையைத் திறக்காமல் அதன் மேலேயே ஓட்டிவிடுவார்களாம். 1955இல் 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்' படத்துக்கு டைட்டில் வடிவமைப்பாளர் சோல் பாஸ் கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகளை அசையவிட்டு, கடைசியில் அவற்றை ஒரு கோணல் கையாக மாற்றினார். போதை ஊசிக்கு அடிமையானவனின் கதை அது, அதனால்தான் கை. இயக்குநர் ஓட்டோ பிரெமிஞ்சர், டைட்டிலுக்கு முன்பே திரையைத் திறக்கும்படி ரீல் பெட்டிகளில் குறிப்பு எழுதி அனுப்பினார். அப்புறம் 1995இல் 'செவன்' படத்தின் டைட்டிலில் அதை வடிவமைத்த கைல் கூப்பர் கீறிய எழுத்துகளையும் கொலைகாரனின் நோட்டுப் புத்தகங்களையும் காட்டியே வயிற்றைக் கலக்கினார். நம்ம பக்கம் 1992இல் 'அண்ணாமலை'யில் புள்ளி புள்ளியாக 'சூப்பர் ஸ்டார்' எழுந்ததே, அதுவும் டைட்டில்தான். ஹீரோ வருவதற்குள் விசில் வந்துவிடும்.

சரி, உங்கள் கதைக்கு எது அந்தக் 'கை'? ஒரே ஒரு பொருளைப் பிடியுங்கள். கொழுந்து எடுக்கும் ஒரு அம்மாவின் கதை என்றால், நான் செக்ரோல் புத்தகத்தை, அதாவது தோட்டத்தில் வேலை நாளைப் பதியும் புத்தகத்தை எடுப்பேன். ஒரு நாள் சம்பளத்தை 'பேர்' என்றும், கிலோ குறைந்தால் அரைப் பேர்தான் என்றும் சொல்கிறோம் இல்லையா, அந்தப் 'பேர்' போடும் புத்தகத்திலேயே நடிகர்களின் பேரும் ஏறட்டும். கோடு போட்ட கொப்பி, ஊதாப் பேனா, பக்கத்துக்கு ஒரு பேர், வரிசையில் ஒருவருக்கு மட்டும் பாதிப் பேரோடு பேனா நின்றுவிடுகிறது. கதையில் பாதி அங்கேயே சொல்லியாச்சு.

போனைக் கொப்பிக்கு மேலே குப்புறக் கட்டி, எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஃபோகஸையும் லொக் பண்ணிவிட்டு எடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தை நம்பாதீர்கள், இரண்டு நிமிடத்தில் பனி இறங்கி வெளிச்சம் மாறும். இரவில் ஒரு பல்ப் போதும். வெட்டிய கடதாசியை நகர்த்தி நகர்த்தி எடுப்பதானால் விநாடிக்கு 12 படம், 10 விநாடிக்கு 120. பொறுமை இல்லாதவர்கள் எழுதுவதை வீடியோவாக எடுத்துவிடலாம்.

கம்ப்யூட்டரில் எழுத்துப் போடுபவர்களுக்குத்தான் அதிகத் தலைவலி. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோட் எழுத்துருவில் ஒட்டினால் குப்பையாக வரும், முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். எழுத்து ஒவ்வொன்றாகப் பறந்து வரும் ரெடிமேட் எஃபெக்ட் ஆங்கிலத்துக்குச் சரி, தமிழில் பல நேரம் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடும், ஆகவே சொல் சொல்லாக அசையுங்கள். நான்கு ஓரத்திலும் பத்தில் ஒரு பங்கு விட்டுவிடுங்கள். வாய்விட்டு இரண்டு முறை வாசிக்கும் நேரம் பேர் திரையில் நிற்கட்டும். 10 நிமிடப் படத்துக்கு 40 விநாடிக்கு மேல் டைட்டில் வேண்டாம், மீதிப் பேர்கள் கடைசியில் போகட்டும்.

சத்தத்துக்கு சினிமாப் பாட்டைப் போட்டால் யூடியூபில் கொப்பிரைட் வரும். கறுப்புத் திரையில் முதலில் தப்பு மேளத்தின் சத்தம் மட்டும் கேட்கட்டும், பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கும் இடத்துக்குக் கூப்பிட்ட மாதிரி. ஊரிலேயே அடிக்க ஆள் இருக்கும்போது எதற்குப் பாட்டு!

கடைசியாக, எழுத்துப்பிழை. அடையாள அட்டையைப் பார்த்துப் பேர் போடாதீர்கள், பதிந்தவர் எழுதிய பேர் ஒன்றாகவும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) கூப்பிடும் பேர் வேறாகவும் நம்மிடம் எத்தனை பேருக்கு இருக்கிறது. ஆளையே கேளுங்கள். பெரியம்மாவிடம் கேட்டபோது, "லயத்துல கூப்பிடுற பேரையே போடு, கொஞ்சம் பெருசா" என்றார்.