படிக்கட்டை வரையுங்கள், பட்டியலை மறந்துவிடுங்கள்

உலோகம் எது, அலோகம் எது என்று 118 தனிமங்களையும் உருப்போடும் மாணவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். தனிம வரிசை அட்டவணையும் ஒரு பென்சிலும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

13-ஆம் தொகுதியின் (மேலிருந்து கீழே இறங்கும் 13-ஆவது நிரலின்) உச்சியில் போரான் இருக்கிறது. அதன் இடது ஓரத்தில் தொடங்கி, ஒரு கட்டம் கீழே, ஒரு கட்டம் வலப்பக்கம் என்று மாறிமாறி இறங்குங்கள். படிக்கட்டு அஸ்டட்டினின் இடது ஓரத்தில் வந்து முடியும். படிக்கு இடப்பக்கம் உலோகங்கள், வலப்பக்கம் அலோகங்கள். அடியில் தனியாகக் கிடக்கும் இரண்டு வரிசைகளும் உலோகமே, யோசிக்கவே வேண்டாம். ஹைட்ரஜன் ஒன்றுதான் இடது மூலையில் உட்கார்ந்திருக்கும் அலோகம்.

படியை ஒட்டி நிற்பவை உலோகப்போலிகள், அதாவது உலோகம், அலோகம் இரண்டின் குணமும் கலந்தவை: போரான், சிலிக்கான், ஜெர்மானியம், ஆர்சனிக், ஆன்டிமனி, டெலூரியம். இரண்டாம் வரிசையிலிருந்து ஐந்தாம் வரிசை வரை 1, 1, 2, 2 என்று எண்ணிக்கொள்ளலாம். பலர் சறுக்குவது அலுமினியத்தில். அதுவும் படியைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது, ஆனாலும் அது உலோகம். பொலோனியத்தையும் பெரும்பாலும் உலோகத்தில்தான் சேர்ப்பார்கள். அஸ்டட்டின் விஷயத்தில் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். உலோகப்போலிக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை கிடையாது. தேர்வுக்குப் படிப்பவர்கள் தங்கள் பாடநூல் சொல்வதை எழுதிவிட்டுப் போவது நல்லது.

இனி பண்புகள். பளபளப்பை மட்டும் நம்பாதீர்கள். அயோடின் படிகமும் கருஞ்சாம்பலாக மினுங்கும், அது அலோகம். மின்சாரம் கடத்துகிறதா என்று மட்டும் பார்த்தாலும் கிராஃபைட் ஏமாற்றிவிடும். சுத்தியலால் தட்டிப் பார்ப்பது நல்ல சோதனை: தாமிரம் தட்டையாகும், கந்தகம் பொடியாகும். சிலிக்கான் பார்க்க உலோகம் மாதிரியே சாம்பல் பளபளப்போடு இருக்கும். ஓங்கி அடித்தால் கண்ணாடிபோலச் சிதறும்.

எனக்குப் பிடித்த சோதனை சூடாக்குவது. தாமிரக் கம்பியைச் சூடாக்கினால் மின்கடத்தல் குறையும். அதில் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே தாராளமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. சூட்டில் அணுக்கள் அதிகம் அதிர்ந்து அவற்றின் வழியை மறிக்கின்றன. தூய சிலிக்கானில் கதை தலைகீழ். பிணைப்பில் கட்டுண்டு கிடக்கும் எலக்ட்ரான்கள் சூடு ஏற ஏற விடுபடுவதால் கடத்தல் கூடும். இப்படி நடந்துகொள்வது குறைகடத்திகளின் அடையாளம்.

ஆக்சைடும் (தனிமம் ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாகும் சேர்மம்) காட்டிக்கொடுக்கும்: பொதுவாக உலோகத்தினுடையது காரத்தன்மை காட்டும், அலோகத்தினுடையது அமிலத்தன்மை காட்டும். மக்னீசியத்தை எரித்த சாம்பலைத் தண்ணீரில் கலக்கினால் சிவப்பு லிட்மஸ் நீலமாகும். கந்தகம் எரியும் புகையில் ஈரமான நீல லிட்மஸைக் காட்டினால் சிவக்கும்.

பயிற்சிக்குச் செலினியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் வரிசையில் ஆர்சனிக்குக்கு வலப்பக்கம் இருக்கிறது, எனவே அலோகம். ஆனால் சாம்பல் நிறச் செலினியத்தின் மீது வெளிச்சம் பட்டால் மின்கடத்தல் கூடும். அதனால் சிலர் அதை உலோகப்போலியில் சேர்க்கிறார்கள். நான் அலோகம் என்றே எழுதுவேன்.