மெர்ஜ் பட்டனுக்கு ஒரு பூட்டு: கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் முதல் பாடம்

சாஃப்ட்வேர் வேலையில் ஆட்டோமேஷன் என்று தேடினால் முதலில் கிடைப்பது ஒரு மிரட்டலான வரைபடம்தான். ஜென்கின்ஸ், டாக்கர், சோனார்க்யூப், குபர்நெட்டிஸ் எல்லாம் அம்புக்குறி போட்டு வரிசையாக நிற்கும், அதைப் பார்த்தே பாதிப் பேர் டேபை மூடிவிடுவார்கள். ஆரம்பிக்கிறவருக்கு அதில் முக்கால்வாசி தேவையே இல்லை. டெஸ்ட் தோற்றால் அந்தக் கோட் மெயின் பிராஞ்சுக்குள் (புராஜெக்டின் முதன்மைக் கிளைக்குள்) போகவே முடியாது என்ற ஒரு பூட்டு இருந்தால் போதும், மற்ற டூல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் சேர்த்துக்கொள்ளலாம்.

கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பிலேயே இதை, பிரௌசரை விட்டு வெளியே போகாமல் செய்துவிடலாம். முன்பெல்லாம் இதற்கென்று தனி சர்வர் வைத்து ஜென்கின்ஸ் நிறுவுவார்கள், இல்லையென்றால் டிராவிஸ் மாதிரி இன்னொரு சேவையைக் கொண்டுவந்து ஒட்டவைப்பார்கள். 2019 நவம்பரில் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் எல்லோருக்கும் திறந்த பிறகு கோட் இருக்கும் இடத்திலேயே சோதனையும் ஓடுகிறது. பப்ளிக் ரெப்போ (யாரும் பார்க்கக்கூடிய கோட் கிடங்கு) என்றால் வழக்கமான மெஷின்களில் ஓடுவதற்குக் கட்டணம் கிடையாது. பிரைவேட் ரெப்போவுக்கு இலவசக் கணக்கில் மாதம் 2,000 நிமிடம் தருகிறார்கள், ஆனால் நாம் போடப்போகும் பூட்டு அங்கே வேலை செய்யாது. அதனால் பழகுவதற்குப் பப்ளிக் ரெப்போவே திறந்துகொள்ளுங்கள்.

படி 1: சோதிப்பதற்கு ஏதாவது வேண்டுமே

பைத்தானில் ஒரு சின்ன ஃபங்ஷன் போதும். ஒரு ஆண்டைக் கொடுத்தால் அது லீப் ஆண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். விதி தெரிந்ததுதான்: 4-ஆல் வகுபட்டால் லீப், 100-ஆல் வகுபட்டால் இல்லை, ஆனால் 400-ஆல் வகுபட்டால் மறுபடியும் லீப். பக்கத்தில் டெஸ்டுக்கு இன்னொரு ஃபைல் வைத்து, 2024 லீப், 2023 இல்லை, 2000 லீப், 1900 இல்லை என்று நான்கு அசர்ட் (விடை இதுதானா என்று சரிபார்க்கும் வரி) எழுதுங்கள். சோம்பல்பட்டு 1900-ஐ விட்டுவிடாதீர்கள், 100 விதியை மறந்த கோடை இந்த நான்கில் பிடிப்பது அது ஒன்றுதான்.

டெஸ்டுகளை ஓட்டும் டூல் பைடெஸ்ட், அது பெயரைப் பார்த்துத்தான் டெஸ்டைத் தேடும். ஃபைல் பெயர் ‘டெஸ்ட்’, அப்புறம் ஒரு அண்டர்ஸ்கோர் என்று தொடங்க வேண்டும், அல்லது அண்டர்ஸ்கோர், ‘டெஸ்ட்’ என்று முடிய வேண்டும், உள்ளே இருக்கும் ஃபங்ஷன் பெயரும் ‘டெஸ்ட்’ என்றே தொடங்க வேண்டும் (இரண்டுமே ஆங்கிலத்தில்தான், சின்ன எழுத்தில்). இல்லையென்றால் அது கண்ணிலேயே படாது, ஒரு டெஸ்டும் கிடைக்கவில்லை என்றால் பைடெஸ்ட் அதையும் தோல்வியாகவே கணக்கு வைக்கும். இப்போதைக்கு இரண்டு ஃபைலையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். டெஸ்டுக்குத் தனி ஃபோல்டர் போட்டால் மாட்யூல் கிடைக்கவில்லை என்று வருகிற எரர் இருக்கிறதே, அதைப் புதியவர்கள் முதல் நாளிலேயே பார்க்க வேண்டியதில்லை.

படி 2: வொர்க்ஃப்ளோ

ரெப்போவின் மேலே ஆக்‌ஷன்ஸ் என்ற டேப் இருக்கும். உள்ளே போனால் உங்கள் கோடைப் பார்த்து கிட்ஹப்பே சில டெம்ப்ளேட்டுகளைக் காட்டும். ‘பைத்தான் அப்ளிகேஷன்’ என்பதை எடுத்து ‘கன்ஃபிகர்’ அழுத்துங்கள், வொர்க்ஃப்ளோவை, அதாவது எப்போது எதை ஓட்ட வேண்டும் என்ற பட்டியலை, எழுதிவைக்கும் யாமல் ஃபைல் திறக்கும். கமிட் செய்வதற்கு (ரெப்போவில் சேமிப்பதற்கு) முன் அதை ஒரு முறை மேலிருந்து கீழே படியுங்கள், படிக்காமல் கமிட் செய்கிறவர்கள்தான் பின்னால் ஒரு வரியை மாற்றப் பயப்படுகிறார்கள். மேல் பகுதி எப்போது ஓட வேண்டும் என்று சொல்கிறது: மெயினுக்குப் புஷ் செய்தாலும், மெயினை நோக்கி புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தை மெயினில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) திறந்தாலும். அடுத்து எங்கே ஓட வேண்டும் என்பது, அதாவது ஒரு புத்தம்புதிய உபுண்டு மெஷின். அப்புறம் வரிசையாக வேலைகள்: கோடை எடுத்து வை, பைத்தானை நிறுவு, தேவையான பேக்கேஜ்களை இறக்கு, ஃப்ளேக்8 (கோடை ஓட்டாமலே பிழை தேடும் டூல்) ஓட்டு, பைடெஸ்ட் ஓட்டு.

கை வைப்பதாக இருந்தால் இரண்டு விஷயத்தில் கவனம். யாமலில் உள்தள்ளலுக்கு டேப் கீ ஆகாது, ஸ்பேஸ் மட்டும்தான். பைத்தான் வெர்ஷன் 3.10 என்று போடும்போது மேற்கோள் குறியை எடுத்துவிடக் கூடாது, எடுத்தால் யாமல் அதை ஒரு எண்ணாக நினைத்து 3.1 என்று படித்துவிடும், அப்படி ஒரு வெர்ஷனைத் தேடிப் போய் பில்ட் விழும்.

ஃப்ளேக்8 இரண்டு முறை வருவதைக் கவனித்திருப்பீர்கள். முதல் முறை இலக்கணப் பிழை, இல்லாத பெயரைக் கூப்பிடுவது மாதிரியான நிஜமான கோளாறுகளுக்கு மட்டும் பில்டை நிறுத்தும், இரண்டாவது முறை மற்றதையெல்லாம் எச்சரிக்கையாகக் காட்டிவிட்டுப் போய்விடும். இதை அப்படியே விடுங்கள். பழைய புராஜெக்டில் முதல் நாளே எல்லா ஸ்டைல் விதியையும் கட்டாயமாக்கினால் எரர் மலையாகக் குவியும், டீமில் யாராவது ஒருவர் மொத்தத்தையும் ஆஃப் செய்துவிடுவார், அத்தோடு ஆட்டோமேஷன் ஆசையே போய்விடும்.

கமிட் செய்யுங்கள். கொஞ்ச நேரத்தில் பச்சை டிக் வரும்.

படி 3: வேண்டுமென்றே உடையுங்கள்

பச்சையைப் பார்த்துத் திருப்திப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். ஒரு முறைகூடச் சிவப்பாகாத சோதனை நிஜமாகவே ஓடுகிறதா என்று யாருக்குத் தெரியும்? புதிய பிராஞ்ச் எடுத்து 100 விதியை அழித்துவிட்டு புல் ரிக்வெஸ்ட் திறங்கள். சிவப்புக் குறி வந்ததும் அதை அழுத்தி லாகுக்குள் (என்னென்ன ஓடியது என்ற பதிவுக்குள்) போங்கள். லாக் நீளமாக இருக்கும், முழுவதும் படிக்க வேண்டாம், தோற்ற ஸ்டெப் மட்டும் போதும். 1900-க்கு எழுதிய அசர்ட் விழுந்திருப்பதைப் பைடெஸ்ட் வரி எண்ணோடு காட்டும்.

இப்போது அந்த புல் ரிக்வெஸ்ட் பக்கத்தின் அடிப்பகுதிக்கு வாருங்கள். சிவப்பு அப்படியே இருக்க, மெர்ஜ் பட்டனும் உங்களை அழைத்துக்கொண்டே இருக்கும். அழுத்தினால் தப்பான கோட் மெயினுக்குள் போய்விடும். பல டீம்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன, அவசரமான ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் யாரும் சிவப்பைப் பார்க்கப் போவதில்லை.

படி 4: பூட்டு

செட்டிங்ஸில் பிராஞ்சஸ் பகுதிக்குப் போய் மெயினுக்கு ஒரு பாதுகாப்பு விதி சேர்க்க வேண்டும். புல் ரிக்வெஸ்ட் வழியாக மட்டுமே மெர்ஜ் என்பதையும், ஸ்டேட்டஸ் செக் (வொர்க்ஃப்ளோ ஓடிய முடிவு) பாஸ் ஆக வேண்டும் என்பதையும் டிக் செய்யுங்கள். எந்த செக் என்று கேட்கும், டெம்ப்ளேட்டில் ஜாபின் (அந்த வேலைத் தொகுதியின்) பெயர் ‘பில்ட்’, அதைத் தேடி எடுங்கள். கடந்த 7 நாளுக்குள் வெற்றிகரமாக ஓடிய செக் மட்டுமே அங்கே கிடைக்கும், அதனால் வொர்க்ஃப்ளோவை எழுதி மாதக்கணக்கில் ஓட்டாமல் விட்டவர்கள் முதலில் ஒரு முறை ஓட்டிவிட்டு வர வேண்டும்.

தனியாக வேலை செய்கிறவர்களுக்கு இங்கே இரண்டு சிக்கல். இன்னொருவர் அப்ரூவ் செய்ய வேண்டும் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள், உங்கள் புல் ரிக்வெஸ்டை நீங்களே அப்ரூவ் செய்ய முடியாது, மாட்டிக்கொள்வீர்கள். அடுத்தது, ரெப்போவின் அட்மின் நீங்கள்தான், அட்மினால் இந்த விதியைத் தாண்டிப் போக முடியும். கீழே, யாரும் இதைத் தாண்டக் கூடாது என்று ஒரு பெட்டி இருக்கும், அதையும் டிக் செய்தால்தான் பூட்டு முழுப் பூட்டு.

படி 3-இன் புல் ரிக்வெஸ்டுக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள், மெர்ஜ் பட்டன் அடைபட்டிருக்கும்.

படி 5: டிபெண்டபாட்

2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, அந்த லைப்ரரி எங்கள் புராஜெக்டில் இருக்கிறதா என்று தேடிக் கண்டுபிடிப்பதே பல நிறுவனங்களுக்குப் பெரிய வேலையாகிவிட்டது. கிட்ஹப்பிலேயே இருக்கும் டிபெண்டபாட் என்ற பாட் அந்தத் தேடலை எடுத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியில் அலர்ட்டையும் செக்யூரிட்டி அப்டேட்டையும் ஆன் செய்தால் போதும், ஓட்டை உள்ள பேக்கேஜ் இருந்தால் வெர்ஷனை ஏற்றி அதுவே ஒரு புல் ரிக்வெஸ்ட் திறக்கும். அந்த புல் ரிக்வெஸ்டும் நம் வொர்க்ஃப்ளோ வழியாகத்தான் போக வேண்டும், புதிய வெர்ஷன் எதையாவது உடைத்தால் அங்கேயே நின்றுவிடும். பூட்டு இல்லாமல் டிபெண்டபாட் மட்டும் வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு மெர்ஜ் செய்யத்தான் தோன்றும்.

படி 6: டெப்ளாய், கொஞ்சம் பொறுத்து

டெப்ளாய், அதாவது கோடை நிஜமான சர்வர்களில் போடுவது: இதை அவசரப்பட்டுச் சேர்க்க வேண்டாம், ஆனால் கையால் செய்வதையே பழக்கமாக்கவும் வேண்டாம். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தது. புதிய கோடை எட்டு சர்வர்களில் போட வேண்டிய இடத்தில் ஒன்று விடுபட்டுப் போயிருந்தது, அதில் கிடந்த பழைய கோட் உயிர் பெற்று ஆர்டர்களை அள்ளி வீசியது. இந்த மாதிரி வேலையை ஸ்கிரிப்டிடம் கொடுத்துவிட வேண்டும். டெஸ்டுகள் மேல் உங்களுக்கே நம்பிக்கை வந்த பிறகு, மெயினில் மெர்ஜ் ஆனதும் டெப்ளாய் ஓடும்படி இன்னொரு ஜாப் சேர்த்து, அது பில்ட் ஜாபை நம்பியிருக்கும்படி வையுங்கள்.

டெப்ளாய் வந்தால் பாஸ்வேர்டும் டோக்கனும் வரும். அவற்றை யாமலில் எழுதாதீர்கள், ரெப்போ செட்டிங்ஸில் சீக்ரெட்ஸ் என்ற இடம் அதற்கென்றே இருக்கிறது. மற்றவர்கள் எழுதிய தயார் ஸ்டெப்பை, அதாவது ஆக்‌ஷனைச் சேர்க்கும்போதும் யோசியுங்கள்: 2025 மார்ச்சில் 23,000-க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் பயன்படுத்திய ஒரு ஆக்‌ஷனை யாரோ கைப்பற்றி, பழைய வெர்ஷன் டேக்குகளைக்கூடத் தங்கள் கோட் பக்கம் திருப்பிவிட்டார்கள், சீக்ரெட்டுகள் பில்ட் லாகில் கொட்டின, பப்ளிக் ரெப்போவின் லாகை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதனால் வெளியாள் ஆக்‌ஷனுக்கு வெர்ஷன் டேகுக்குப் பதிலாக முழு கமிட் ஹாஷை (அந்த ஒரு கமிட்டை மட்டுமே குறிக்கும் நீளமான குறியீட்டை) கொடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை. அந்த ஹாஷையும் புதுப்பித்துத் தர டிபெண்டபாட்டுக்குத் தெரியும்.