ஆளை நிறுத்தும்போது முதலாளிகள் சறுக்கும் இடங்கள்

எனக்குப் பழக்கமான துணிக்கடை முதலாளி ஒருவர், கல்லாவில் பணம் குறைந்த கோபத்தில், ஆறு வருடம் வேலை பார்த்த சேல்ஸ்மேனுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரே வரி அனுப்பினார்: "நாளைல இருந்து வர வேணாம்." விவகாரம் லேபர் ஆபீஸுக்குப் போனபோது முதல் பக்கத்தில் இருந்தது அந்த ஸ்கிரீன்ஷாட்தான். பையன் பணத்தை எடுத்தானா இல்லையா என்ற பேச்சுக்கே அங்கே இடம் வரவில்லை.

1947-ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 41-ஆம் பிரிவைப் படித்திருந்தால் அவர் போனைக் கீழே வைத்திருப்பார். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்த முடியாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ், இல்லையென்றால் அந்த மாதச் சம்பளம் தர வேண்டும். திருட்டு, ஒழுங்கீனம் என்றால் நோட்டீஸ் வேண்டாம். ஆனால் விசாரணை நடத்தி, சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். குற்றச்சாட்டு மெமோ, பதில் சொல்ல அவகாசம், விசாரணை, அப்புறம்தான் உத்தரவு. பலர் ஆளை முதலில் அனுப்பிவிட்டு, வக்கீல் கேட்டதும் பழைய தேதி போட்டு மெமோ அடிக்கிறார்கள். கையில் இருந்த நியாயத்தையும் கெடுத்துக்கொள்ளும் வேலை அது. மிரட்டி ராஜினாமா எழுதி வாங்குவதும் அதே ரகம்தான்.

"சம்பளத் தேதிக்கு வந்து வாங்கிக்கோ" என்பது அடுத்த சறுக்கல். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீங்கள் நீக்கினாலும் அவரே விலகினாலும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும்.

பணிக்கொடையில்தான் (கிராஜுவிட்டி) பலர் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். சம்பளம் 18,000 ரூபாய்; அதில் பேசிக் 6,000, மீதியெல்லாம் அலவன்ஸ் என்று பிரித்து வைத்திருப்பார்கள். பழைய வழக்கப்படி ஆறு வருடத்துக்கு 6,000-ஐ மாத வேலை நாளான 26-ஆல் வகுத்து, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்று 15-ஆலும் 6-ஆலும் பெருக்கினால் சுமார் 20,769 ரூபாய். புதிய சட்டத் தொகுப்புகளில் அலவன்ஸ் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தில் சேர்ந்துவிடும். அப்போது கணக்குக்கு அடிப்படை 9,000; கொடுக்க வேண்டியது சுமார் 31,154. 'கோபித்துக்கொண்டு போனான், பணிக்கொடை கிடையாது' என்று சொல்லவும் முடியாது. அதை நிறுத்திவைக்கச் சட்டம் குறிப்பிடும் காரணங்கள் சில மட்டுமே. சொல்லாமல் கொள்ளாமல் போனது அதில் இல்லை.

பி.எஃப். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால், அது வெளிவருவதும் ஆள் போகும்போதுதான். அடுத்த மாதம் 15-க்குள் கட்ட வேண்டிய பணம் பாஸ்புக்கில் ஏறவில்லை என்பதை அவர் போனிலேயே பார்த்துவிடுவார். பிரசவ விடுப்பில் இருப்பவரை வேலையை விட்டு நீக்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அது செல்லாது.

கடைசியாக, ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம். பிணையாக அதைப் பிடித்து வைக்க முதலாளிக்கு எந்த உரிமையும் இல்லை. அந்தத் துணிக்கடைக்காரர் பீரோவில் இன்னும் மூன்று பேருடைய பிளஸ் டூ மார்க் ஷீட் கிடக்கிறது. கேட்டால் "பத்திரமா இருக்கட்டும்னுதான் சார்" என்கிறார். திருப்பிக் கொடுங்கள் என்று நானும் போகும்போதெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.