குதிரை முதுகுல அக்குபங்சர் புள்ளிகள்: எப்படி கண்டுபிடிக்கிறது, எதுக்கு எந்த புள்ளி

குதிரைக்கு அக்குபங்சர்னு சொன்னாலே எல்லாருக்கும் ஊசிதான் ஞாபகம் வருது, ஆனா முதுகுல இருக்குற புள்ளிகளுக்கு அதுக்கும் முந்தின ஒரு வேலை இருக்கு, குதிரைக்கு எங்க வலிக்குதுன்னு அது நமக்கு காட்டிக்கொடுக்கும். வாய் பேசாத ஜீவன், வலிய முடிஞ்ச வரைக்கும் மறைச்சுக்கிட்டே வேலை செய்யும், அதனால கையால தடவி பார்த்து கண்டுபிடிக்க தெரிஞ்சிருக்கிறது ரொம்ப முக்கியம். ஊசி குத்துறது அதுக்குன்னு தனியா படிச்ச கால்நடை டாக்டரோட, அதாவது வெட்டோட வேலை, அதுல நாம கைய வைக்கவே கூடாது. நாம செய்ய வேண்டியது தடவி பார்க்கிறது, மெதுவா அழுத்துறது, என்ன மாறியிருக்குன்னு எழுதி வைக்கிறது, அவ்வளவுதான். இத ஒழுங்கா செஞ்சாலே குதிரைக்கு பெரிய உதவி.

இந்த முறை சீனாவுல வளர்ந்தது. கிமு 7ஆம் நூற்றாண்டுல சின் நாட்டுல மூ கோமான் ஆண்ட காலத்துல போ லேன்னு ஒருத்தர், குதிரைய பார்த்த மாத்திரத்துல அதோட தரத்த சொல்லிடுவாராம், குதிரை அக்குபங்சருக்கே அவர்தான் மூலவர்னு மரபுல சொல்றாங்க. அப்புறம் மிங் காலத்துல, 1608ல, யூ பென்யுவான் யூ பென்ஹெங்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் குதிரை வைத்தியத்துக்கு ஒரு பெரிய நூல் எழுதினாங்க, கால்நடை அக்குபங்சர் படிக்கிறவங்க அத இன்னைக்கும் பேசுறாங்க. சண்டைக்கும் வண்டிக்கும் தபாலுக்கும் குதிரையதான் நம்பி இருந்த காலம் அது, குதிரை படுத்துட்டா வேலையும் படுத்துடும், அதனாலதான் இவ்வளவு நுணுக்கமா பார்த்து வச்சிருக்காங்க.

புள்ளிகள குறிச்சிருக்குற சார்ட் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும், இல்லன்னா குழம்பிடுவீங்க. குதிரைக்குன்னே பழைய காலத்துல இருந்து வர்ற புள்ளிகள் ஒரு வகை, மனுஷ உடம்போட மெரிடியன் கோடுகள (உயிர்சக்தி ஓடுற பாதைன்னு சீன மரபுல சொல்றது) 1970கள்ல குதிரை உடம்புக்கு மாத்தி பொருத்தினது இன்னொரு வகை. ரெண்டும் ஒரே சார்ட்டுல கலந்து இருக்கும். உதாரணத்துக்கு ஷென் ஷூன்னு ஒரே பேர்ல ரெண்டு இடம் இருக்கு, பழைய முறைல அது இடுப்புக்கிட்ட பை ஹுய் புள்ளிக்கு பக்கவாட்டுல வரும், புது முறைல அது பிஎல் 23 (சிறுநீர்ப்பை கோட்டுல 23ஆவது புள்ளி), இன்னும் முன்னாடி தள்ளி வரும். அதனால சார்ட்டுல பேர மட்டும் பார்க்காம நம்பரையும் சேர்த்து பாருங்க. ஒரு புத்தகத்துக்கும் இன்னொரு புத்தகத்துக்கும் ஒரு விலா இடைவெளி வித்தியாசம் வர்றதும் சகஜம்தான், அதுக்காக பதற வேண்டாம்.

முதுகுல நமக்கு வேணுங்கிறது சிறுநீர்ப்பை மெரிடியன், அததான் பிஎல்னு போடுவாங்க. முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் இணையா ஓடும். அத கண்டுபிடிக்க, முதுகோட நடுக்கோட்டுல விரல வச்சு பக்கவாட்டுல கீழ வழுக்கிட்டே வாங்க, முதல்ல தடியா நீளமா ஒரு தசை தட்டுப்படும், அது முடியுற இடத்துல விரல் லேசா ஒரு பள்ளத்துல இறங்கும், அந்த பள்ளம்தான் கோடு. கணக்குல சொன்னா நடுக்கோட்டுல இருந்து 3 சுன். சுன்ங்கிறது அந்தந்த குதிரையோட உடம்ப வச்சே போடுற அளவு, பின்பக்க விலா எலும்பு ஒண்ணோட அகலம்னு தோராயமா வச்சுக்கலாம், அதனால குட்டையான போனிக்கும் பெரிய குதிரைக்கும் ஸ்கேல் வச்சு ஒரே சென்டிமீட்டர் அளக்கிறது தப்பு. கொழுத்த குதிரைல பள்ளம் சட்டுனு தெரியாது, கொஞ்சம் பொறுமையா தேடணும்.

அடுத்தது விலா எண்ணுறது. குதிரைக்கு பொதுவா 18 ஜோடி விலா, அதுக்கப்புறம் இடுப்புல 6 எலும்பு, அதுக்கப்புறம் ஒண்ணா சேர்ந்து போன 5 எலும்பு. முன்பக்க விலாவெல்லாம் தோள்பட்டைக்கு அடியில மறைஞ்சு கிடக்கும், அதனால எப்பவும் பின்னாடி இருந்து எண்ணுங்க. விலாவும் வயிறும் சேர்ற இடத்துல கைய வச்சா கடைசி விலா கிடைக்கும், அத பிடிச்சுக்கிட்டே மேல போங்க, போகப் போக அது கொஞ்சம் முன்பக்கமா சாயும். மேல பள்ளத்துக்கு வந்ததும் கடைசி விலாவுக்கு ஒட்டி பின்னாடி இருக்குறது பிஎல் 21, 17ஆவது விலாவுக்கும் 18ஆவது விலாவுக்கும் நடுவுல இருக்குறது பிஎல் 20. இந்த ரெண்டையும் பிடிச்சுட்டா மத்தது எல்லாத்தையும் முன்னாடியும் பின்னாடியும் எண்ணி எடுத்துடலாம்.

இப்ப ஸ்கேன் பண்றது, அதாவது கையால தடவி நோகுற இடத்த தேடுறது, எப்படின்னு பார்ப்போம், இதுதான் ரொம்ப முக்கியமான பகுதி. குதிரைய சமமான தரைல நாலு காலும் நேரா ஊன்றி நிக்க வைங்க, தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கயிற பிடிச்சுக்கணும், இறுக்கி கட்ட வேண்டாம். ஓட்டி முடிச்ச உடனேயோ தீனி தின்ன உடனேயோ செய்யாதீங்க, பசியோட இருக்கும்போதும் வேண்டாம். தோள் பக்கத்துல நில்லுங்க, பின்னங்காலுக்கு நேர் பின்னாடி ஒருநாளும் நிக்காதீங்க. முதல்ல உள்ளங்கையால முதுகு முழுக்க ரெண்டு தடவ தடவிக் கொடுங்க, உங்க கை எங்க இருக்குன்னு குதிரைக்கு தெரியணும், சூடா இருக்குற இடம், குளிர்ந்த இடம், கட்டி மாதிரி இறுகின இடம் இதெல்லாம் அப்பவே கைல தெரிஞ்சிடும்.

அப்புறம் விரல் நுனியோ மழுங்கின பேனா மூடியோ எடுத்துக்கிட்டு (வெட் டாக்டருங்க ஊசி மூடிய வச்சு செய்வாங்க) விதர்ஸ் மேட்டுக்கு (கழுத்து முடிஞ்சு தோளுக்கு மேல இருக்குற மேடு) பின்னாடி ஆரம்பிச்சு அந்த பள்ளத்து வழியா பின்பக்கம் வரைக்கும் ஒரே அழுத்தத்துல, நடுவுல எடுக்காம இழுத்துட்டு போங்க. முதல் தடவ ரொம்ப லேசா, ரெண்டாவது தடவ கொஞ்சம் அழுத்தி. அதே மாதிரி மறுபக்கமும். கண்ணு விரல் மேல மட்டும் இருக்கக்கூடாது, காது பின்னாடி போகுதா, மூக்கு இறுகுதா, வால அடிக்குதா, தலைய தூக்குதா, விலகி போக பார்க்குதான்னு எல்லாத்தையும் கவனிக்கணும். ஈ உட்கார்ந்தா தோல சிலிர்க்கும் பாருங்க, அந்த சிலிர்ப்பு வலி இல்ல. வெடுக்குனு குத்தினா முதுகு கீழ இறங்கும், பின்பக்கத்துல அழுத்தினா முதுகு மேல வளையும், இதுவும் இயல்பான ரிஃப்ளெக்ஸ்தான், நிறைய பேர் இத பார்த்துட்டு குதிரைக்கு முதுகு வலின்னு முடிவு கட்டிடுறாங்க. அதே இடத்துல மூணு தடவ போனாலும் மூணு தடவையும் இறுகுது, ஒவ்வொரு தடவையும் கூடிட்டே போகுதுன்னா அததான் கணக்குல எடுக்கணும். கடிக்க வந்தா, உதைக்க கால தூக்கினா அன்னைக்கு அதோட நிறுத்திடுங்க, அது சொல்ல வேண்டியத சொல்லிடுச்சு.

மரபுல எந்த புள்ளிக்கு என்ன பயன்னு முன்னாடி இருந்து பார்த்துட்டு வரலாம். 8ஆவது விலா இடைவெளில (8ஆவது விலாவுக்கும் 9ஆவதுக்கும் நடுவுல) பிஎல் 13, ஃபெய் ஷூ, நுரையீரலுக்கு உரியது, இருமல், மூச்சிரைப்புக்கு. அதுக்கு அடுத்த இடைவெளில பிஎல் 14 இதய உறைக்கும், 10ஆவதுல பிஎல் 15 இதயத்துக்கும். பிஎல் 15அ பயந்து மிரள்ற, நிலைகொள்ளாம இருக்குற குதிரைக்கு சொல்லுவாங்க. 12ஆவதுல பிஎல் 17, உதரவிதானம், ரத்தம் சம்பந்தமான எல்லாத்துக்கும் இத சேர்த்துப்பாங்க. 13ஆவது 14ஆவது பக்கம் பிஎல் 18 கல்லீரல், கண்ணு, தசைநாண், சிடுசிடுப்பு இதெல்லாம் கல்லீரலோட கணக்குல வரும். 15ஆவதுல பிஎல் 19 பித்தப்பை.

பிஎல் 20 மண்ணீரல், பிஎல் 21 வயிறு, இந்த ரெண்டும் செரிமானத்துக்கு. தீனி எடுக்காதது, மெலிஞ்சு போறது, சாணி இளகி போறது இதுக்கெல்லாம் ரெண்டையும் சேர்த்தே பார்ப்பாங்க, சீன மரபுல மண்ணீரல்தான் தசைக்கும் பொறுப்பு, அதனால தசை வத்தி போன குதிரைக்கும் பிஎல் 20 உண்டு. இங்க ஒரு எச்சரிக்கை சொல்லணும். பிஎல் 21ல குதிரை துள்ளுதுன்னா உடனே வயித்துல புண்ணுன்னு முடிவு பண்ணாதீங்க. சேணத்தோட பின்பக்க ஓரமும் அங்க பக்கத்துலதான் வந்து அழுத்தும், சேணம் 18ஆவது விலாவ தாண்டி போகவே கூடாது, தாண்டினா அந்த இடம் நோகத்தான் செய்யும். வயித்து புண் இருக்கா இல்லையான்னு எண்டோஸ்கோப் விட்டு பார்த்தாதான் தெரியும், விரல் அத சொல்லாது.

விலா முடிஞ்சு இடுப்புக்கு வந்தா, முதல் ரெண்டு இடுப்பு எலும்புக்கு நடுவுல இருக்குற மட்டத்துல பிஎல் 22, ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடு மட்டத்துல பிஎல் 23, சிறுநீரகம். அதே மட்டத்துல நடுக்கோட்டுல மிங் மென் புள்ளி. வயசான குதிரை, எலும்பு தேய்மானம், குளிர்ல விறைச்சு போற இடுப்பு, சினை பிடிக்காத பெட்டை இதுக்கெல்லாம் மரபுல முதல்ல தொடுற இடம் இதுதான். பின்னங்கால் நடுவுல இருக்குற ஹாக் மூட்டுல வலி இருக்குற குதிரை கால காப்பாத்த இடுப்ப இறுக்கி இறுக்கி நடக்கும், அதனால இந்த பகுதி கல்லு மாதிரி ஆகிடும், இடுப்பு நோகுதுன்னா கீழ காலையும் ஒரு தடவ பார்த்துடுங்க. இன்னும் பின்னாடி பிஎல் 25 பெருங்குடல், மலச்சிக்கல், கழிச்சல், இடுப்பு வலிக்கு.

கடைசியா பை ஹுய். இடுப்பு எலும்பு வரிசை முடிஞ்சு பின்பக்க எலும்பு ஆரம்பிக்கிற இடைவெளில, நடுக்கோட்டு மேலேயே இருக்கு. முதுகு நடுவுல விரல வச்சு பின்னாடி நடத்திட்டே வந்தா புட்டத்து மேட்டுக்கு முன்னாடி விரல் நல்லா உள்ள இறங்கும், அதுதான். பின்பக்க பலவீனம், முதுகு வலி, வயித்து வலின்னு மரபுல ரொம்ப பெரிய புள்ளி. இதுக்கு பக்கத்துல 2 சுன் தள்ளி ரெண்டு பக்கமும் பழைய ஷென் ஷூ, அதுல இருந்து 2 சுன் முன்னாடி ஷென் பெங், 2 சுன் பின்னாடி ஷென் ஜியாவ், இடுப்பு வலிக்கு இந்த மூணையும் சேர்த்தே எடுப்பாங்க.

அழுத்துறது எப்படின்னா, ஒரு கைய குதிரை மேல சும்மா வச்சுக்கோங்க, இன்னொரு கையோட கட்டைவிரல் சதையால, நகம் படாம, உடம்பு எடைய கொஞ்சம் கொஞ்சமா சாய்ச்சு அழுத்துங்க. நோகுற புள்ளில நேரா ஆரம்பிக்காதீங்க, அதுக்கு முன்னாடி பின்னாடி இருக்குற புள்ளிகள முதல்ல செஞ்சுட்டு கடைசில அங்க வாங்க. ஒரு புள்ளிக்கு அரை நிமிஷத்துல இருந்து ஒரு நிமிஷம் போதும். உதட்ட நக்கும், வாய அசைபோடும், கண்ண மூடி மூடி திறக்கும், தலைய தொங்க போடும், பெரிய மூச்சு விடும், சில குதிரை கொட்டாவியே விடும், அப்ப தசை விடுபடுதுன்னு அர்த்தம், விரலையும் மெதுவா எடுங்க. பை ஹுய்ல கட்டைவிரல் வேண்டாம், உள்ளங்கைய வச்சு வட்டமா தேய்ச்சு விட்டா குதிரைங்களுக்கு ரொம்ப பிடிக்குது. எலும்பு மேல நேரா அழுத்தவே கூடாது. வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் செஞ்சா போதும்.

வெட் வந்தா என்ன செய்வாங்கன்னா, சாதா ஊசிய 20 - 30 நிமிஷம் விட்டு வைப்பாங்க, இல்லன்னா ஊசில மெல்லிய மின்சாரம் கொடுப்பாங்க, புள்ளில பி12 மாதிரி மருந்த ஊசியா போடுறதும் உண்டு, குளிரால வர்ற வலிக்கு மோக்ஸா மூலிகைய கொளுத்தி சூடு காட்டுறதும் உண்டு. விலா பகுதில ஊசி ஆழமா போனா நுரையீரல்ல பட்டுடும், நாம தொடக்கூடாதுன்னு சொன்னது அதுக்குத்தான். மெரிடியன்னு தனியா ஒரு குழாய உடம்ப அறுத்து யாரும் காட்டினது இல்ல, ஆனா முதுகு தசைக்கு வர்ற நரம்புக் கிளைகள் இந்த பகுதி வழியாத்தான் வருது. நாள்பட்ட முதுகு வலி இருந்த 15 குதிரைகள வச்சு 2005ல வெளிவந்த ஒரு ஆய்வுல மின்சார அக்குபங்சர் வலிய குறைச்சதா காட்டியிருக்காங்க, சின்ன ஆய்வுதான், ஆனா முதுகு வலிக்கு இது உதவுதுன்னு நம்ப ஒரு அடிப்படை இருக்கு. உள்ளுறுப்பு நோய்க்கு சொல்ற பயன்கள் பெரும்பாலும் மரபுல வர்றதுதான், அந்த மாதிரி நோய்க்கு இத மட்டும் நம்பி இருக்காதீங்க.

காய்ச்சல், முதுகுல புண், தோல் நோய், புதுசா அடிபட்டது இருந்தா கை வைக்காதீங்க. சினைக் குதிரைக்கு இடுப்புக்கு பின்னாடி புள்ளிகள வெட் டாக்டர கேட்காம அழுத்தக்கூடாது. ஓடின பிறகு பின்பக்க தசை பலகை மாதிரி இறுகி, வேர்த்து கொட்டி, மூத்திரம் கருப்பா போனா அது தசை சேதம், அழுத்தினா இன்னும் மோசமாகும், குதிரைய நடக்க வைக்காம வெட் டாக்டர கூப்பிடுங்க. தரைய காலால தோண்டுறது, வயித்த திரும்பி திரும்பி பார்க்கிறது, உருள்றதுன்னா கோலிக், அதாவது கடுமையான வயித்து வலி, பை ஹுய் தேய்ச்சுட்டு உட்கார்ந்திருக்க நேரம் இல்ல. சும்மா நிக்கிற குதிரைக்கு இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 28ல இருந்து 44 வரைக்கும் இருக்கும், எண்ணி பார்த்து போன்லயே வெட்டுக்கு சொல்லிடுங்க.

ஒவ்வொரு ஸ்கேனும் முடிஞ்சதும் நோட்டுல குதிரை முதுக மேல இருந்து பார்க்கிற மாதிரி ஒரு படம் போட்டு, நொந்த இடத்துல 1, 2, 3ன்னு அளவு குறிச்சு தேதி போட்டு வைங்க, அன்னைக்கு எந்த சேணம், யார் ஓட்டினதுன்னும் எழுதுங்க. ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல நொந்தா முதல்ல சேணத்த பாருங்க, ஒரு பக்கம் மட்டும்னா ஓட்டுறவர் ஒரு பக்கமா சாய்ஞ்சு உட்கார்றாரா, சேணத்தோட பஞ்சு ஒரு பக்கம் அமுங்கியிருக்கா, இல்ல கால்ல பிரச்சனையான்னு பாருங்க. சேணத்த சரி பண்ணி ரெண்டு மூணு வாரம் ஆகியும் 13ல இருந்து 18ஆவது விலா வரைக்கும் உள்ள பகுதில அதே 3 அப்படியே நிக்குதுன்னா அழுத்துறத நிறுத்திட்டு எக்ஸ்ரே எடுக்க சொல்லுங்க, முதுகெலும்போட மேல் முனைங்க ஒண்ணோட ஒண்ணு உரசுற கிஸ்ஸிங் ஸ்பைன் அந்த பகுதிலதான் அதிகமா வரும், போகும்போது அந்த நோட்டையும் வெட்டுக்கிட்ட காட்டுங்க.